கதவுக்குக் கேட்ட எண்ணெய்

இனிமேல் பெண்டாட்டிக்குப் பயப்படுவதில்லை என்று மீசைக்காரர் தீர்மானம் செய்தார். குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வெளியே எதுவும் கேட்காதபடிதான் செய்தார். என்றாலும் தீர்மானம் தீர்மானம்தானே.

முதலில் அந்த மீசையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நகைக்கடை வாசலில் காவல்காரர் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே அதுதான். முறுக்கிவிட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவருகே அவர் நின்றால், காசு கொடுத்து வாங்க வருகிறவர்களே ஒரு கணம் தயங்கித்தான் உள்ளே வருவார்கள். மீசைக்குப் பின்னால் இருந்த ஆள் வேறு ரகம். பலூன் வெடித்தால் பதறுவார். கரப்பான் பறந்தால் நாற்காலி மேல் ஏறுவார். கையில் ஒரு தடியும் உதட்டின் மேல் ஒரு மீசையுமாக இத்தனை வருஷத்தை எப்படியோ ஓட்டிவிட்டார்.

நாலு கடை தள்ளி ஒரு கடையில் கொள்ளை நடந்தது. அன்றிலிருந்து பிடித்தது சனி. முதலாளி அலைந்து திரிந்து உரிமம் வாங்கி, புத்தம் புதிதாக ஒரு ரிவால்வரும் வாங்கிக்கொண்டு நேற்று வந்துவிட்டார்.

"உன் மீசைக்கு இதுதான்யா பொருத்தம். பயமா இருந்தா இப்பவே சொல்லிடு. உள்ள ரிப்பேர் கவுண்டர்ல ஒரு சீட் காலியாத்தான் இருக்கு."

கடையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பயமா? எனக்கா?" என்றது மீசை. மீசைக்குப் பின்னால் இருந்தவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

துப்பாக்கி விற்றவரே வந்து ஒரு குண்டை உள்ளே போட்டுக் காட்டினார். எடுத்தும் காட்டினார். பிறகு மீசைக்காரர் வெறும் துப்பாக்கியை அழுத்திப் பார்த்தார். ட்ரிகர் பாதி தூரம் போனது. நின்றுகொண்டது. மறுபடி அழுத்தினால் மறுபடி பாதி.

"புதுசுல கொஞ்சம் பிடிக்கும் சார். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாயிடும்" என்றார் விற்றவர்.

"ட்ரிகர் எங்கண்ணே பிடிக்குது? உங்க கைதான் பிடிச்சுக்கிச்சு" என்றார் கேஷியர். கடை முழுக்கச் சிரித்தது.

நாளைக் காலையில் சுடும் மைதானத்தில் முதலாளி முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துப் போய், அங்கிருந்தே நேராக மைதானத்துக்கு வந்துவிடு என்று உத்தரவு. அங்கேயும் ட்ரிகர் பாதியில் நின்றால், மீசையை எடுத்துவிட்டு ஊரை விட்டே போக வேண்டியதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

ஆனால் மைதானத்தை விட வீடுதான் ஆபத்தான இடம். அவர் மனைவி தையல்காரி. காவல் வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "தடி வரைக்கும் சரி. துப்பாக்கி உள்ள வந்தா நான் வெளிய." அதனால்தான் துப்பாக்கி ஷூ பெட்டிக்குள்ளும் குண்டுகள் பழைய பவுடர் டப்பாவுக்குள்ளும் குடியேறியிருந்தன. நேற்று ராத்திரி முழுக்க மீசைக்காரர் கட்டிலில் படுத்தபடி அந்த ஷூ பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவும் இருந்தது.

இன்று கடைக்கு வார விடுமுறை. தீர்மானத்தை முடித்துக்கொண்டு குளியலறையை விட்டு வெளியே வந்தார். மனைவி மெஷினில் ஒரு குழந்தையின் கவுனைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மெஷின் எண்ணெய் எங்க இருக்கு?"

"எதுக்குங்க?"

"குளியலறைக் கதவு கிறீச்சு கிறீச்சுங்குது."

மெஷின் நின்றது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"அப்படியா? எனக்குக் கேக்கலையே."

"மெஷின் சத்தத்துல உனக்கு எப்படிக் கேக்கும்?"

"அதுவும் சரிதான்." தையல் பெட்டிக்குள் கைவிட்டு, நீளமான மூக்கு வைத்த ஒரு சீசாவை எடுத்துக் கொடுத்தாள். "ரெண்டு சொட்டு போதும். நான் நூல் வாங்கிட்டு வந்துடறேன். கதவைச் சாத்திக்கோங்க."

தெய்வமே வந்து வழி விட்டது போல அவருக்கு மகிழ்ச்சி. அவள் செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டியதும் ஷூ பெட்டியைத் திறந்தார். இரண்டு சொட்டாவது, மூன்று சொட்டாவது? நாளைக்கு மானப் பிரச்சினை. சீசாவின் மூக்கை இடுக்குகளில் எல்லாம் நுழைத்துப் பாதி சீசாவைக் கவிழ்த்தார். குண்டுச் சக்கரத்தைச் சுற்றிலும் விட்டார். சுத்தியலடியில் விட்டார். ட்ரிகரில் தாராளமாகவே விட்டார். பிறகு விரலை உள்ளே கொடுத்து அழுத்தினார்.

பாதி தூரம் போனது. நின்றது. எண்ணெய் ஊறட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்போதுதான் வாசனை வந்தது. எண்ணெய் வாசனை இல்லை. கவுனில் பாசிமணி ஒட்டும்போது வீடு முழுக்க வருமே, அந்த வாசனை. சீசா எண்ணெய்ச் சீசாதான். ஆனால் அதன் மூக்கு மெலிசாக இருந்ததால், அது காலியான பிறகு மனைவி அதில் மணி ஒட்டுகிற பசையை ஊற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

விரலை இழுத்தார். விரல் வரவில்லை. ட்ரிகரும் வரவில்லை. சுத்தியல் பாதி எழும்பி, அடிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்றிருந்தது. சக்கரத்தைத் திறக்கப் பார்த்தார். அதுவும் கல்லாகிவிட்டது.

'போகட்டும், உள்ளேதான் குண்டு இல்லையே' என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இல்லைதானே? இடது கையால் பவுடர் டப்பாவைக் கட்டில் மேல் கவிழ்த்தார். முதலாளி கொடுத்தது ஆறு. கட்டிலில் கிடந்தது ஐந்து.

விற்றவர் கடையில் ஒரு குண்டைப் போட்டுக் காட்டினாரே! எடுத்தாரே! எடுத்தது நிஜமா? அதற்குப் பிறகு கேஷியர் வாங்கிப் பார்த்தார். முதலாளியின் மச்சான் வாங்கிப் பார்த்தார். அதில் யாராவது ஒரு புண்ணியவான் மறுபடி போட்டிருந்தால்? பசை எந்த நிமிஷம் விடும், விட்டால் சுத்தியல் முன்னால் போகுமா பின்னால் போகுமா, யாருக்குத் தெரியும்?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஐந்து குண்டையும் தலையணைக்கு அடியில் தள்ளினார். வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டு கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"கதவு சரியாயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ஆச்சு ஆச்சு."

"ஏன் இப்படி வேர்க்குது?"

"வேலை செஞ்சேன்ல?"

"சரி, இந்த ஊசியில நூல் கோத்துக் குடுங்க. கண்ணு சரியாத் தெரியல."

"கை சுளுக்கிக்கிச்சும்மா."

"எந்தக் கை?"

"துண்டுக்குள்ள இருக்கற கை."

"அடடா, காட்டுங்க. உருவி விடறேன்."

"வேண்டாம்!" என்று அவர் போட்ட கூச்சலில் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. "ஓய்வு குடுத்தா தானா சரியாயிடும்."

"உங்க இஷ்டம்" என்றவள், மணி டப்பாவையும் கவுனையும் எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். எங்கே? சரியாகத் துண்டுக்கு எதிரில்.

அவர் மெதுவாக நாற்காலியை இடது பக்கம் நகர்த்தினார். அந்தச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தொட்டில். வலது பக்கம் வீட்டு வாசல், தெருவில் ஆள் நடமாட்டம். மேலே மாடிக்காரர்கள். கீழே அவருடைய சொந்தக் கால். கடைசியில் காலைத்தான் தியாகம் செய்வது என்று முடிவு செய்து முனையைக் கீழே திருப்பினார். உடனே மனைவி, "ஒரு மணி உருண்டு வந்துடுச்சு" என்று அவர் காலடியிலேயே குனிந்து தேடத் தொடங்கினாள். அவள் தலை துண்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த மாட்டான் என்பார்கள். மீசைக்காரர் கத்தினார்.

"அங்க வராதே! தள்ளிப் போ! என் கையில துப்பாக்கி இருக்கு!"

அவள் நிமிர்ந்தாள். துண்டை மெதுவாக விலக்கிப் பார்த்தாள். விரலையும் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எப்ப வந்துச்சு?"

"நேத்து. உள்ள ஒரு குண்டு இருக்கு போலிருக்கும்மா. ஒண்ணு குறையுது. ட்ரிகர் பாதியில நிக்குது. விரல் வரல. நீ மொதல்ல வெளிய போ. எனக்கு எது ஆனாலும் பரவாயில்ல, நீ போ!" மீசை நனைந்து, முறுக்கெல்லாம் பிரிந்து தொங்கியது.

அவள் போகவில்லை. இன்னும் வசதியாகச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"கடையில வேற வேலையே இல்லையா?"

"ரிப்பேர் கவுண்டர்ல உக்காரச் சொன்னார். நான்தான்..."

"நீங்கதான்?"

"பயமா எனக்கான்னு கேட்டுட்டேன்."

"பயமா இல்லையா?"

"ஈரக்குலை நடுங்குதும்மா."

"எனக்கும் அப்படித்தாங்க நடுங்குது" என்றாள் அவள். இப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "அந்த நாலாவது கடையில கொள்ளை நடந்த அன்னியிலேர்ந்து நீங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு ஒரு தையல் நேராப் போகல. தடி வெச்சிருந்தா திருடன் தள்ளிட்டுப் போயிடுவான். துப்பாக்கி வெச்சிருந்தா மொதல்ல உங்களைத்தான் சுடுவான். அது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் நேற்று ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கமில்லை.

அவள் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டு அவர் காதில் வைத்தாள். தன் வாயாலேயே அவர் சொன்னார்: "ஐயா, எனக்குத் துப்பாக்கின்னா பயம். அந்தக் கவுண்டர் சீட்டையே குடுத்துடுங்க." மறுமுனையில் ஒரே சிரிப்பு. நாளைக்கே உட்கார்ந்துகொள், துப்பாக்கியைக் கேஷியரின் தம்பிக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று பதில் வந்தது. மானம் போனது. போன இடம் தெரியவில்லை. ஆனால் நெஞ்சில் ஏதோ பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

"இனிமே எங்கிட்ட எதையாவது மறைப்பீங்களா?"

"சத்தியமா மாட்டேன். சீக்கிரம் ஏதாவது செய்யும்மா, கை மரத்துப் போச்சு."

பசை விரலில் பட்டால் துடைக்க அவள் வைத்திருக்கும் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்தாள். மெல்ல மெல்லத் துடைத்தாள். மீசைக்காரர் கண்களை இறுக மூடி, தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டு, தெரியாத தெய்வங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். விரல் வந்தது. ட்ரிகர் 'டக்' என்றது. அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார்.

எழுந்து பார்த்தபோது அவள் சக்கரத்தின் பசையையும் துடைத்துத் திறந்து வைத்திருந்தாள். ஆறு ஓட்டையும் காலி.

"அப்போ ஆறாவது குண்டு?"

மெஷின் மேல் கவுனுக்கு அளவாக வெட்டிய காகிதம் ஒன்று, காற்றில் பறக்காமல் கிடந்தது. அதன் மேல் கனத்துக்காக வைத்திருந்ததை எடுத்து அவர் உள்ளங்கையில் போட்டாள்.

"காலையில உங்க பேண்ட் துவைக்கும்போது பையிலேர்ந்து விழுந்துச்சு. பதற்றத்துல போட்டு மறந்திருப்பீங்க. அப்புறம் ஷூ பெட்டியைத் திறந்து துப்பாக்கி காலியான்னும் பார்த்தேன், பவுடர் டப்பாவையும் எண்ணிப் பார்த்தேன்."

மீசைக்காரர் குண்டையும் பசைச் சீசாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ... பசைன்னு தெரிஞ்சேதான் குடுத்தியா? நான் கதவுக்குத்தானே எண்ணெய் கேட்டேன்!"

அவள் எழுந்து போய்க் குளியலறைக் கதவை ஒரு முறை திறந்தாள், மூடினாள். சின்னச் சத்தம்கூட வரவில்லை.

"போன வாரம்தாங்க நானே எண்ணெய் போட்டேன்."