ஓட்டை வலை மீனவன்

"இதுவும் கேட்டதுதான்," என்றாள் மெரெயோனி, புருஷன் பாதிப் பிரசங்கம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

அபிசாய்க்கு முகம் தொங்கிப்போயிற்று. ஞாயிறன்று மாவட்டப் போதகர் வருகிறார். அவர் முன்னால் நன்றாகப் பேசினால்தான் சபைப் பிரசங்கியாகலாம். போன தடவை கோட்டைவிட்டதிலிருந்து மாமனார் அவனோடு முகம் கொடுத்தே பேசுவதில்லை.

எங்கள் ஃபிஜிக் கிராமத்தில் ஈரப்பலா மரத்தடியில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். பிரசங்கம் செய்கிறவர்கள் எல்லோரும் அங்கே நின்று இணையத்தில் ஒரே வார்த்தையைத் தேடி, முதலில் வருவதை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒரே கலங்கரை விளக்குக் கதைக்கு இந்தச் சபை மூன்று தடவை கண்ணீர் விட்டிருக்கிறது.

"உள்ள தள்ளிப் போய்த் தேடு. அங்கெல்லாம் எவன் போறான்?" என்றாள் மெரெயோனி.

போனான். பக்கம் பக்கமாகத் தள்ளினான். கழுத்து பிடித்துக்கொண்ட சமயத்தில் அகப்பட்டது, ஓட்டை வலையோடு கடலுக்குப் போன மீனவனின் கதை. படித்தவனே மூக்கைச் சிந்திக்கொண்டான். எங்கே தொலைந்துவிடுமோ என்று ஓடி ஓடிப் போய்த் திறந்து பார்த்தான்.

"இதையும் யாராவது கேட்டிருந்தா?" என்று வீட்டில் முனகினான்.

"அத நான் பாத்துக்கிட்டேன். மாதர் சங்கத்துல எல்லாருக்கும் அனுப்பிக் கேட்டுட்டேன். ஒருத்தியும் கேட்டதில்லையாம்! அழுது அழுது அக்கம்பக்கத்துத் தீவுக்கெல்லாம் அனுப்பியிருக்காளுங்க."

அபிசாய் மரத்தடிக்கு ஓடினான். தேடினான். ஓட்டை வலை மீனவன் முதல் இடத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தான்.

"போச்சு! எல்லாரும் படிச்சிட்டாங்களே!"

"அதுக்கென்ன?" என்றாள் பின்னாலேயே வந்த மெரெயோனி. "முதல் தடவை கேக்குற மாதிரி அழுங்கடின்னு சொல்லி வைக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கு நின்றவர்கள் இரண்டு பேர். மற்றவன் அபிசாயின் மச்சான் இனோக்கே. மச்சானைக் கேலி பண்ணாமல் விட்டால் எங்கள் பக்கம் அது அவமரியாதை.

"மச்சான், சுறா மென்னு துப்புன மாதிரி இருக்கு உன் மூஞ்சி. நான் முதல்ல போறேன்," என்று மேடை ஏறினான் இனோக்கே. கனைத்துக்கொண்டான்.

"ஒரு மீனவன் இருந்தான். அவன் வலையில் ஓர் ஓட்டை..."

சொல்லி வைத்தபடி மாதர் சங்கம் மொத்தமும் விம்மியது.

அடுத்து அபிசாய். மாமனார் முறைத்தார்.

"நான் வெறுங்கையோட வந்திருக்கேன்," என்றான். வேறு வழியில்லாமல் உண்மையையே சொல்லிவிட்டான். ஈரப்பலா மரத்தடி, ஊரான் பேச்சைத் திருடியது, மாமனார் மேலுள்ள பயம், எல்லாவற்றையும். "வாரம் பூரா போன்ல தேடினேன். ஒரு நிமிஷம் எனக்குள்ள தேடிப் பாக்கல."

சபை முதலில் சிரித்தது. பிறகு மாதர் சங்கம் யாரும் சொல்லி வைக்காமலே விம்மியது. மாமனார் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அபிசாய் தேறிவிட்டான். விருந்தில் மாமனாரே அவன் இலையில் சேப்பங்கிழங்கை வைத்து, "சாப்பிடு மாப்ள," என்றார். அவன் அதை ஆறவைக்காமலே வாயில் போட்டுக்கொண்டான்.

பக்கத்தில் பன்றிக்கறியை மென்றுகொண்டிருந்த மாவட்டப் போதகர் அவன் காதருகே குனிந்தார்.

"அந்த வெறுங்கைப் பிரசங்கத்த நல்லாத் தேடிப் பிடிச்சிருக்க தம்பி. நான் பாஸானதும் அதுலதான். என்ன, நான் எடுத்தப்ப அதுல ஈரப்பலாவுக்குப் பதிலா மாமரம்னு இருந்துச்சு."