டிகிரி சிஸ்டர் தேடிய வசந்தம்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் எத்தனையோ பேர் வாழை வைத்திருக்கிறார்கள், மரச்சீனிக் கிழங்கு நட்டிருக்கிறார்கள். மண்ணுக்குக் காய்ச்சல் பார்த்தவர் மட்டும் ஒரே ஒருவர்தான். அவர் டிகிரி சிஸ்டர்.

பெயரைக் கேட்டதும் நிறையப் பட்டம் வாங்கியவர் போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன். செங்கல் என்ற ஊரில் அவர் வீட்டு மாடிக்கு நானும் என் மனைவி பிந்துவும் குடிபோன மறுநாள் காலையில்தான் விஷயம் விளங்கியது. அறுபது தாண்டிய அந்தப் பெண்மணி தோட்டத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, முழ நீளத் தெர்மாமீட்டர் ஒன்றை மண்ணுக்குள் செருகிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிஷம் கழித்து உருவினார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். "இருபத்தெட்டு டிகிரி. கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்று மண்ணிடமே சொல்லிவிட்டு, அடுக்களைக் கதவில் ஒட்டியிருந்த சார்ட்டில் குறிக்கப் போனார்.

இருபத்தைந்து வருஷம் அயர்லாந்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கே பக்கத்து வீட்டுத் தோழி ஒருத்தி வருஷம் தவறாமல் ஸ்வீட்கார்ன் போடுவாளாம். பிரியும்போது அவள் கையில் திணித்த விதைப் பாக்கெட்தான் சிஸ்டரின் ஒரே சொத்து என்று சொல்லலாம். அதன் முதுகில் அச்சடித்திருந்ததை டாக்டர் எழுதிய சீட்டுபோல மதித்தார்: "வசந்த காலத்தில், பனி விட்டு, மண் சூடான பிறகு விதைக்கவும்."

எங்கள் ஊர் மண் சூடு ஆறின நாளே கிடையாது. பனியும் விழுந்தால்தானே விடும். சிக்கல் வசந்தத்தில்தான் வந்தது. அது எப்போது என்று சிஸ்டர் ஊரெல்லாம் விசாரித்தார். பேக்கரிக்காரர், "வசந்தாவா? அவளக் கெட்டிக் குடுத்து வருஷம் ரெண்டு ஆச்சே" என்றார். சர்ச்சில் போதகர் கொஞ்சம் யோசித்து, "வசந்தம் மனசில இருக்கணும் சிஸ்டர்" என்றார். "மனசில சோளம் போட முடியுமா ஐயரே?" என்று கேட்டுவிட்டு வந்தார் இவர். விவசாய ஆபீசான கிருஷி பவனில் ஆபீசர் சிரித்தே விட்டார்.

"சேச்சி, இவிடெ எந்து வசந்தம்? வேனலும் மழயும் மாத்ரம். வெள்ளம் உண்டெங்கில் எப்போ வேணமெங்கிலும் நடாம். பூக்கும்போ மழ பெய்யருது, அத்ரேயுள்ளூ."

தண்ணீர் இருந்தால் எப்போதும் நடலாம், பூக்கும் நேரத்தில் மட்டும் மழை கூடாது. உண்மையான மருந்து இதுதான். சிஸ்டருக்கு இது எடுபடவில்லை. அயர்லாந்துத் தோழி விதைப்பது ஏப்ரல் கடைசியில். சிஸ்டரும் ஏப்ரல் கடைசியில் விதைத்தார்.

செடிகள் ஆள் உயரம் வளர்ந்தன. அவற்றை வரிசையாக நடவில்லை, சதுரமாகக் கூட்டி நட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"காத்துதானே பூந்தாதக் கொண்டு போவும். வரிசையா நின்னா அடுத்த வீட்டுக்குப் போயிரும். கல்யாண போட்டோவுக்கு நிக்கமாதிரி நெருங்கி நிக்கணும் மக்கா."

போட்டோவுக்கு நின்ற நேரம் பார்த்து இடவப்பாதி என்கிற ஜூன் மழை கொட்டியது. பூந்தாது முழுவதும் கரைந்து ஓடையில் போயிற்று. கடைசியில் பறித்து உரித்தால், ஒரு கதிரில் ஏழு மணி, இன்னொன்றில் மூன்று. பல் போனவர்கள் சங்கத்துக்கு ஆண்டுக்கூட்டம் கூடியதுபோல் இருந்தது. சிஸ்டர் எல்லாவற்றையும் மேசைமேல் கிடத்தி, கண்ணாடி போட்டுக்கொண்டு பிரேதப் பரிசோதனை செய்தார்.

"பேஷன்டுக்க மேல ஒரு குத்தமும் இல்ல. நமக்க டைமு தெற்றிப் போச்சு. பங்குனியில பூக்கணும். அப்பம் மாசியில முளைக்க வைக்கணும்."

மாசி வந்தது. பாக்கெட்டில் மிச்சம் இருபத்துநாலு விதை. தோட்டத்தில் போட்டால் அணில் தோண்டித் தின்னும் என்பதால், வீட்டுக்குள் ஜன்னலோரம் காகிதக் கப்பில் முளைக்க வைத்துப் பிறகு இறக்கி நடுவது என்று முடிவு செய்தார். கீழே எல்லா ஜன்னலையும் பலாமரம் மறைத்திருந்தது. காலை வெயில் விழும் ஒரே ஜன்னல் எங்கள் படுக்கையறையில் இருந்தது.

அதற்கப்புறம் எங்கள் வீடு வார்டு ஆகிவிட்டது. காலையும் மாலையும் சிஸ்டர் ரவுண்ட்ஸ் வருவார். கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது. நான் துண்டோடு நிற்பேன், அவர் என்னைத் தாண்டிப் போய்க் கப்பில் விரல் வைத்து ஈரம் பார்ப்பார். பிந்து அப்போது எட்டாவது மாதம். படுத்திருப்பவள் தட்டுத்தடுமாறி எழுந்து உட்காருவாள். ஒரு நாள் எனக்குப் பொறுமை போயிற்று.

"சிஸ்டர், இத வேற எங்கயாவது மாத்துங்க. இல்லேன்னா நாங்க வேற வீடு பாக்கோம்."

அவர் முகம் சற்றே சுருங்கியது. "முளைச்சாச்சு மக்கா. நாலு நாள் பொறு. தூக்கீட்டுப் போயிருதேன்" என்றார்.

மறுநாள் காலை பிந்து தலைவலி என்றாள். வெயில்தான், தைலம் தேய்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் தனுவச்சபுரம் பஸ்ஸைப் பிடித்தேன். அங்கே ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட் வேலை எனக்கு. பத்தரை மணிக்குச் சிஸ்டரிடமிருந்து போன் வந்தது.

"எலே, நீ செய்யுத வேலைய அப்படியே விட்டுட்டு காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு வா. நாங்க ஆட்டோவில போய்க்கிட்டு இருக்கோம். பயப்படண்டாம். ஆனா ஓடி வா."

நடந்ததை பிந்து பிற்பாடு சொன்னாள். வழக்கம்போல் ரவுண்ட்ஸ் வந்த சிஸ்டர், அன்றைக்குக் கப்புகளின் பக்கமே போகவில்லை. கட்டில் விளிம்பில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தவளைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றாராம். முன்னே வந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாராம். குழி விழுந்தது, எழவில்லை. "கண்ணு மங்கலா உண்டா பிள்ளே?" என்று கேட்டார். உண்டு என்றாள். கீழே ஓடிப் பிரஷர் மெஷினை எடுத்து வந்து பார்த்தார். எத்தனை என்று சொல்லாமலே ஆட்டோவை அழைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், பிரஷர் எகிறிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும், தாயும் பிள்ளையும் இரண்டுமே சந்தேகம் என்றார். அன்று மத்தியானமே ஆபரேஷன். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடுகிற மாதிரி ஒரு பெண் குழந்தை. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிந்து இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். நான் வராந்தாவில் நின்ற இடத்திலேயே நின்றேன். சிஸ்டர் மட்டும் அங்கே இருந்த இளம் நர்ஸைப் பிடித்து விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்.

"பெட்டிக்குள்ள எத்தன டிகிரி?"

நர்ஸ் சொன்னாள்.

"செரியாக்கும். நான் அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து கேப்பேன் கேட்டியா."

ஐந்து நிமிஷம் கழித்துப் போய்க் கேட்கவும் செய்தார். பதினோரு நாள் கேட்டார். இரண்டாம் நாளே அந்தப் பெண் இவர் தலையைக் கண்டதும் டிகிரியைச் சொல்லிவிட்டு ஓடத் தொடங்கினாள்.

ஐந்தாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். படுக்கையறை ஜன்னலில் இருபத்துநாலு கப்பும் இருந்தன. முளைத்தவை அத்தனையும் வெயிலில் காய்ந்து, சுருண்டு, தலை தொங்கிக் கிடந்தன. ஒன்றிலாவது பச்சை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. தண்ணீர் ஊற்ற வீட்டில் ஆள் இல்லை. ஊற்றவேண்டியவர் ஆஸ்பத்திரி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். அவரே கேட்டார். "எல்லாம் போச்சு அல்லியா?"

"போச்சு சிஸ்டர். எல்லாமே."

"செரி" என்றார். பிறகு சொன்னார்: "மாசி அடுத்த வருஷமும் வரும் மக்கா. இந்தக் குட்டிக்கு ஒரு வாட்டிதான் டைமு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு வீடு மாறுவேன் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவே விடவில்லை.

"வீடு பாத்தாச்சா?"

"இல்ல சிஸ்டர்."

"அப்பம் அந்த ஜன்னல் எனக்கு உண்டு."

அடுத்த மாசிக்குள் அயர்லாந்திலிருந்து புதுப் பாக்கெட் வந்து சேர்ந்தது. இந்த முறை கப்புகளுக்கு மண் நிரப்பியவள் பிந்து. ஈரம் பார்க்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பங்குனியில், ஒரு துளி மழை இல்லாத வாரத்தில், பூத்தது. சித்திரை முடிகிற நேரம் கதிர்களில் ஓர் இடம்கூடப் பொக்கை இல்லை. சிஸ்டர் முதல் கதிரை வேகவைத்து உதிர்த்து, மசித்து, என் மகளுக்கு ஊட்டினார். அவள் துப்பினாள். "உப்பு பத்தல்ல. அவ சொல்லுதது நியாயம்தான்" என்று உப்புச் சேர்த்தார். மீதிக் கதிர்களைப் பேக்கரிக்கும் போதகர் வீட்டுக்கும் கிருஷி பவனுக்கும் கொண்டுபோனார்.

ஆபீசர் கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேச்சி, ஒடுவில் வசந்தம் கிட்டியோ?" என்று கேட்டாராம்.

"கிட்டி. கும்பத்திலாணு" என்றாராம் சிஸ்டர். ஒடுவில் என்றால் கடைசியில், கும்பம் என்றால் நம்முடைய மாசி.

இப்போது நாங்கள் தனுவச்சபுரத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மாசி பிறந்ததும் சிஸ்டர் பஸ் ஏறி, பையில் விதைப் பாக்கெட்டோடு வருவார். வந்தவர் முதலில் பிந்துவின் கையைப் பிடித்துப் பிரஷர் பார்ப்பார், அப்புறம் எனக்கு, அப்புறம் மகளோடு சேர்ந்து விதை போடுவார். இரண்டு நாள் தங்கி, வீட்டில் எல்லோரையும் அதட்டிவிட்டுப் போவார். ஸ்வீட்கார்ன் விதை இப்போது பாறசாலையில் கடையிலேயே கிடைக்கிறது. நாங்கள் வாங்குவதில்லை. வாங்கிவிட்டால் அவர் வரமாட்டாரே.