நடுவுல எடம் இருக்குது

பெயரை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்த கையோடு வாயை மூடிக்கொள்வேன். ஏனென்றால் செஞ்சி வட்டாரத்தில் அப்படி நம்பிய முதல் ஆள் நான்தான். (கடைசி ஆளும் நீதான் என்பது என் அப்பாவின், அதாவது நைனாவின், கட்சி.)

போன மாதம் அமெரிக்காவிலிருந்து என் கல்லூரித் தோழி கல்பனா வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தாள். அவள் பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரியில் 'சொராரிட்டி' என்ற ஒன்றில் சேர்ந்திருக்கிறாளாம். கல்லூரிப் பெண்கள் அக்கா தங்கையாகக் கூடிக்கொள்கிற சங்கம்.

"சேர்றதுக்கு முன்னெல்லாம் 'ரஷ்'ஷுன்னு பேராம்டி செல்வி. இப்ப 'ரெக்ரூட்மெண்ட்'டுன்னு மாத்திட்டாங்களாம். புதுசா வர்றவள 'ப்ளெட்ஜ்'னு கூப்பிட்டுக்கினு இருந்தாங்களாம், இப்ப 'நியூ மெம்பர்'ராம். ஒடனே ஒன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு." அதற்கப்புறம் வெறும் சிரிப்பு மட்டும் முக்கால் நிமிடம் பதிவாகியிருந்தது.

அவள் ஏன் சிரித்தாள் என்று சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

எங்கள் கல்லூரி ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற கல்லூரி. அதில் பெண்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு அறை. ஒரு மின்விசிறி, ரசம் போன கண்ணாடி, இரண்டு பெஞ்சு, உள்பக்கம் தாழ்ப்பாள் விழுகிற கதவு. அந்தத் தாழ்ப்பாளின் அருமை, காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்புகிற பெண்களுக்குத்தான் தெரியும். மாதத்தில் மூன்று நாள் அது கதவல்ல, குலதெய்வம்.

அந்த அறை மாணவியர் மன்றத்தின் கையில் இருந்தது. எல்லாரும் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர்கள் என்பதால் மன்றத்தின் பேச்சும் பஸ் பேச்சாகவே இருந்தது. புதிதாக வருகிறவள் 'டிக்கெட்'. அவளைச் சேர்த்துக்கொள்வது 'ஏத்திக்கறது'. சேர்ந்தவள் முதல் ஒரு மாதம் பெஞ்சில் உட்காரக்கூடாது, சுவரோரம் நிற்க வேண்டும். அது 'ஸ்டாண்டிங்'. ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் 'சீட்டு'. தலைவிக்குப் பெயர் 'கண்டக்டர்'.

இங்கேதான் எனக்கு இடித்தது. என் நைனா நிஜமாகவே கண்டக்டர். எங்கள் ஊர் சிங்கவரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே ஓடும் தனியார் பஸ்ஸில், படியில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாக, "எங்க பாப்பா காலேஜ் படிக்குது" என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவரிடமாவது சொல்லிக்கொண்டு வருவார். நான் என்ன செய்தேன்? முதல் வருடத்திலிருந்தே அவர் பஸ் வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டு, அடுத்த பஸ்ஸில் போனேன். (வாரே இல்லாத ரப்பர் செருப்பு அது.)

மூன்றாம் வருடம் மன்றத்துக்கு நான் தலைவியானேன். அறைக்குள் நுழைந்ததும் "கண்டக்டர் பொண்ணே கண்டக்டர் ஆயிடுச்சுடி!" என்று விசிலடித்தார்கள். பாசமாகத்தான். எனக்குக் காது எரிந்தது.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. புதிய மாணவிகளைத் தாழ்த்திப் பேசும் சொற்களை ஒழிக்க வேண்டும், அதைப் பார்வையிட ஒரு குழு வரும் என்று. முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

"பழைய வார்த்தை ஒண்ணு, ஒரே ஒண்ணு, அவங்க காதுல விழுந்தாலும் ரூமை ஸ்போர்ட்ஸ் சாமானுக்குக் குடுத்துடுவேன். அவங்க முன்னாடியே இருபது பேராவது புதுசா சேரணும். ஆளில்லாத மன்றத்துக்கு ரூம் எதுக்கு?"

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அன்றே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். டிக்கெட், 'அறிமுகநிலைத் தோழி' ஆனாள். ஏத்திக்கறது, 'உளமார்ந்த ஒருங்கிணைவு' ஆனது. ஸ்டாண்டிங் 'பண்படு காலம்', சீட்டு 'நிறைநிலை உறுப்பமைவு'. நான்? நெறியாளுநர். கண்ணாடி முன் நின்று அதை மட்டும் பத்து முறை சொல்லிப் பார்த்தேன்.

"நிறைநிலை உறுப்பமைவுன்னு நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள பஸ்சு திண்டிவனம் போயிடும்டி" என்றாள் கல்பனா. வீட்டில் நான் உரையை மனப்பாடம் செய்வதைக் கேட்ட நைனா, சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி, "பேரு பொன்னம்மா, கழுத்துல கருகமணி" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த நாளும் வந்தது. கல்லூரி அரங்கத்தில் நான்கு பெஞ்சுகளைச் சேர்த்து, மேலே பலகை போட்டு, சிவப்பு விரிப்பு விரித்து மேடை கட்டியிருந்தோம். பக்கத்தில் தரையில் போட்ட நாற்காலிகளில் முதல்வரும் குழுவினரும். குழுவின் தலைவி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற மேடம், மடியில் குறிப்பேடு. எதிரே அறுபது முதல் வருடப் பெண்கள். வாசலில் விளையாட்டு ஆசிரியர், கையில் அளவு டேப்போடு. (அறையை அளக்கத்தான். மனுஷருக்கு அவ்வளவு நம்பிக்கை என்மேல்.)

ஒன்பது நிமிடம் பேசினேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. "ஆகவே, அறிமுகநிலைத் தோழியரே, உளமார்ந்த ஒருங்கிணைவுக்கு விழைவோர் கரம் உயர்த்துக" என்று முடித்தேன்.

ஒரு கைகூட உயரவில்லை. முன்வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. இன்னொரு முறை கேட்டேன். எங்கோ ஒரு டிபன் டப்பா மூடி விழுந்து உருண்டதுதான் பதில். முதல்வர் விளையாட்டு ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார். ஆசிரியர் டேப்பை ஒரு முழம் வெளியே இழுத்தார்.

அந்தத் தாழ்ப்பாள் என் கண்முன் வந்தது. அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பல்ல, என் ரத்தம்தான் பொறுப்பு. இரண்டு விரல் தானாக நாக்கின் அடியில் போயிற்று. மைக்கில் ஒரு விசில் அடித்தேன் பாருங்கள், கூரையிலிருந்த புறாவெல்லாம் கோட்டை மலைக்கே பறந்திருக்கும்.

"ஏறு ஏறு ஏறு! சிங்கவரம், மேல்சித்தாமூர், பனமலை! நடுவுல எடம் இருக்குது, உள்ள போ, உள்ள போ! படியில நிக்காத! வண்டி எடுக்கப் போவுது!"

அறுபது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். யோசிக்கவெல்லாம் இல்லை. பஸ் வந்தால் பெண்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். முதலில் பைகள் பறந்தன. ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடித்துப் பழகிய கைகள். ஒரு கைக்குட்டை முதல்வரின் தோளில் விழுந்தது. ஒரு டிபன் பை நேராக மேடத்தின் மடியில் போய் உட்கார்ந்தது. அப்புறம் பெண்கள் மேடையில் ஏறினார்கள். முழங்கையால் இடித்து, துப்பட்டாவைக் கடித்து, "நவுருக்கா, நவுரு" என்று ஏறினார்கள்.

பலகை ஒருபக்கமாக மெதுவாகச் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. எல்லாரும் சறுக்குமரத்தில் வருவதுபோல் சொகுசாக இறங்கினார்கள். முதலில் இறங்கியது நெறியாளுநர். விளையாட்டு ஆசிரியரின் காலடியில் போய் நின்றேன், மைக்கோடு. இறங்கும்போது நான் "ரைட்ட்ட்!" என்று கத்தியதாகக் கல்பனா சத்தியம் செய்கிறாள்.

 மேடம் மடியிலிருந்த டிபன் பையைத் தூக்கிப் பிடித்தார்.

"இது யாருது?"

"எனுது மேடம்." பனமலைப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள்.

"மேல ஏறச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்ல மேடம். பஸ்சு வந்துச்சு, ஏறிட்டோம்."

"முன்னாடி ஒன்பது நிமிஷம் பேசினாங்களே, அப்ப ஏன் யாரும் கை தூக்கல?"

"அது ஏதோ லோனுன்னு நெனச்சோம் மேடம். வெவரம் தெரியாம எதுக்கும் ஒத்துக்காதன்னு எங்க நைனா சொல்லிக்குது."

சிரிப்பு கிளம்பியது. மேடம் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பண்படு காலம்னு சொன்னியே, அதுல என்னம்மா செய்வீங்க?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். தலையில் பலகைத் தூசியோடு பொய் வரமாட்டேன் என்றது. "ஒரு மாசம் நிக்கணும் மேடம். பெஞ்சுல ஒக்காரக் கூடாது."

"முன்னாடி அதுக்கு என்ன பேரு?"

"...ஸ்டாண்டிங்."

"ஆக, பேரு மட்டும் வசதியா உட்கார்ந்துடுச்சு. பொண்ணுங்க இன்னும் நின்னுக்கிட்டுதான் இருக்காங்க."

சுருக்கென்றது. நோட்டு நிறைய வார்த்தை மாற்றினேனே, இந்த ஒன்றை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னையும் ஒரு மாதம் நிற்க வைத்தார்கள் அல்லவா, அந்த வயிற்றெரிச்சல். மைக்கை மறுபடி எடுத்தேன்.

"இன்னையோட ஸ்டாண்டிங் கெடையாது! ஏறினா சீட்டு!"

அன்று விழுந்த கைதட்டல் போல என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. அறுபதில் ஐம்பத்திரண்டு பேர் அங்கேயே பெயர் கொடுத்தார்கள். மேடம் முதல்வர் பக்கம் திரும்பி, "ரூம்ல எத்தனை பெஞ்சு?" என்று கேட்டார். இரண்டு என்றதும் குறிப்பேட்டைத் திறந்தார். அதைப் பார்த்ததும் முதல்வர் அறையைப் பறிக்கிற பேச்சையே விட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் எட்டு பெஞ்சு வந்தது. அது எங்கே கொள்ளும் என்று அளந்து சொன்னவர் விளையாட்டு ஆசிரியர், அதே டேப்பால். 'டிக்கெட்' மட்டும் வேண்டாம் என்றார் மேடம். மற்ற பஸ் பேச்சு அப்படியே இருந்தது. என் நோட்டை அடுப்பில் போட்டேன்.

அன்று சாயங்காலம் நைனாவின் பஸ் வந்தது. நான் குனியவில்லை. ஏறினேன். செஞ்சியில் செய்தி பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். நைனா டிக்கெட் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்:

"இன்னா பாப்பா, சிங்கவரம், மேல்சித்தாமூர், பனமலை, மூணு தெசைக்கும் ஒரே வண்டியா? எந்த பர்மிட்ல ஓட்டின?"

பஸ் முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விட நான் சத்தமாகச் சிரித்தேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஐந்து வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு அந்த ஐம்பத்திரண்டு பேரில் முக்கால்வாசி வந்துவிட்டார்கள். போட்டோ எடுக்க அவர்கள் தயங்கித் தயங்கி நின்றபோது, கீழேயிருந்து நைனா இரண்டு விரலை நாக்கின் அடியில் வைத்தார். அவ்வளவுதான். (கல்யாண மண்டபத்து மேடை சிமென்ட், தப்பித்தது.) எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற அந்தப் போட்டோவில் ஒரு கூட்டம் பெண்கள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். நடுவில் நான். மாப்பிள்ளை எங்கே என்று தேடினால், வலது ஓரத்தில் அரை மாலையும் ஒரு காதும் தெரியும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் அந்தக் காதைத் தொட்டுக் காட்டி, "பதினோரு வருஷமா ஸ்டாண்டிங். கண்டக்டரம்மா எப்ப சீட்டு போடுவாங்களோ" என்று பெருமூச்சு விடுவார். உள்ளேயிருந்து நைனாவின் குரல் வரும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் வரும், தூங்கிக்கொண்டிருந்தாலும் வரும்:

"மாப்ள, படியில நிக்காதீங்க. உள்ள போங்க, நடுவுல எடம் இருக்குது!"