பத்துக்கு எட்டு அளவில் ஓர் இணையதளம்

பூந்தமல்லியில் பிறந்து, காது குத்திக்கொண்டு, கல்யாணம் செய்துகொண்டு, கடைசியில் போய்ச் சேர்ந்த எவரும் பேனர் பாயிடமிருந்து தப்பியதில்லை. வேர்த்து வழியும் முகத்தோடு எடுத்த போட்டோவைக் கொடுத்தால் போதும், கழுத்துக்குக் கீழே நீலக் கோட்டும் சிவப்பு டையும் முளைத்துவிடும். எங்கள் பால்காரரை லுங்கியில் பார்த்ததைவிடத் தெருமுனை பேனர்களில் கோட்டோடு பார்த்ததுதான் அதிகம்.

பாயின் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பக்கவாட்டில் நுழைய வேண்டிய ஒரு கடை. உள்ளே வருகிறவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரே கேள்வி கேட்பார்: “நல்லதா, கெட்டதா?” நல்லது என்றால் பின்னணியில் அருவி. கெட்டது என்றால் மேகமும் விளக்கும். மூன்றாவது வகை மனித வாழ்க்கையில் கிடையாது என்பது அவர் முடிவு.

மூன்றாவது வகையாக நான் போய் நின்றேன்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. ஸ்கூட்டரில் உட்கார்ந்த மறுநிமிடம் தூங்கிவிடுவாள். டிரங்க் ரோட்டில் ஒரு கையில் வண்டியும் மறு கையில் அவளுமாக நான் ஓட்டிய ஓட்டம் எனக்கும் எதிரே வந்த லாரிகளுக்கும்தான் தெரியும். குழந்தையைக் கட்டிக்கொள்ளக் கடையில் வாங்கிய பெல்ட்டில் உடம்பு நின்றது, தலை தொங்கியது. பழைய ஸ்கூல் பையைப் பிரித்து, தலைக்கும் சேர்த்து ஒரு தாங்கல் வைத்து, அவளை என் முதுகோடு கட்டிக்கொள்ள நானே ஒன்று தைத்தேன். பள்ளி வாசலில் சில அம்மாக்கள், “இதை எங்க வாங்குன?” என்று கேட்டார்கள். உடனே ஆசை வந்தது. ஆசைக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. மரியாதைக்குக் கேட்டிருப்பார்களோ?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் எனக்கு வேலை. குழந்தைக்காக எடுத்த நீண்ட விடுப்பு முடியப்போகிறது. மாதக் கடைசிக்குள் வருகிறாயா இல்லையா என்று மேலாளர் கேட்டுவிட்டார். வேலையை விட்டு பெல்ட் தைக்க உட்கார்ந்து, ஒருவரும் வாங்காவிட்டால்? அதனால் தைப்பதற்கு முன்பே ஊரைக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று ஒரு திட்டம் போட்டேன். எளிமையாக ஓர் இணையப் பக்கம். பெல்ட்டின் படம், இரண்டு வரி விளக்கம், “எனக்கு வேண்டும்” என்று ஒரு பட்டன். அமுக்குகிறவர்கள் பெயரும் ஊரும் போன் நம்பரும் தர வேண்டும். நிறையப் பேர் அமுக்கினால் வேலையை விடுவது, இல்லாவிட்டால் பெல்ட்டை விடுவது.

பாய் கடைப் பலகையில் “வெப்சைட் செய்து தரப்படும்” என்று புதிதாக ஒட்டியிருந்தது.

“நல்லதா, கெட்டதா?”

“இன்னும் தெரியல பாய். அதைக் கண்டுபிடிக்கத்தான் வெப்சைட்டு.”

அப்போதுதான் நிமிர்ந்தார். முழுக் கதையையும் சொன்னேன். வேலைக்குப் போனால் குழந்தையை நாள் முழுக்க விட வேண்டுமே என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னேன். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

“சரி, எத்தினிக்கு எத்தினி?”

“என்னது பாய்?”

“எத்தினி அடிம்மா? பத்துக்கு எட்டா, ஆறுக்கு நாலா?”

“பாய், அது போன்ல பாக்கறது.”

“போன்ல எல்லாமே சின்னதாத்தானே தெரியும்? அப்போ பெருசா போட்டாத்தானே நல்லா கீது?”

படம் எடுக்க மாதிரிக்காகத் தைத்த இன்னொரு பெல்ட்டை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் பக்கம் தயார். திறந்தால் அருவி. அருவிக்கு முன்னால் நான், வேறு யாருடைய உடம்பிலோ, பட்டுப்புடவையில். பக்கத்தில் கிரீடத்தோடு என் மகள்.

“இந்த ஆரம் என்னோடது இல்லையே?”

“கழுத்து காலியா இருந்துச்சு. போட்டு உட்டேன்.”

“பெல்ட்டு எங்க பாய்?”

“கீய எறங்கும்மா.”

இறங்கினேன். வரிசை வரிசையாக முகங்கள். என் கணவர், பால்காரர், எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன், அப்புறம் ஜென்மத்தில் நான் பார்த்திராத மீசைகள். எல்லோரும் கோட்டுப் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“யாரு பாய் இவங்கள்லாம்?”

“உன்னை வாழ்த்துறவங்க.”

“எனக்கு இவங்களைத் தெரியவே தெரியாதே!”

“அவுங்களுக்கும்தான் உன்னைத் தெரியாது. வாழ்த்துறதுக்குத் தெரியணுமா இன்னா?”

வெறும் வெள்ளையாக, எளிமையாக இருக்கட்டும் என்று கெஞ்சினேன். “வெள்ளையா உட்டா பாய் ஏமாத்திட்டான்னு ஊரே சொல்லும். மொகம் இல்லாத போர்டை மாடுகூட நின்னு பாக்காதும்மா” என்றார். கடைசியில் பெல்ட்டும் பட்டனும் மேலே ஏறின. முகங்கள் கீழேயே இருந்தன.

பக்கம் வெளியானதும் பூந்தமல்லியே பொங்கி எழுந்தது. என் போன் ஓயாமல் டிங் டிங் என்றது. “வேண்டும்”, “எனக்கும் வேண்டும்”. கணவர், “எழுதிக் கொடுத்துடு” என்றார். ராஜினாமாக் கடிதம் தயாரானது. அனுப்புவதற்கு முன்னால் என் புத்தி சும்மா இருக்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டுக் குழந்தையின் வயதைக் கேட்டுவிடலாமே?

முதல் அழைப்பிலேயே ஒரு கரகரத்த குரல்.

“பெல்ட்டா? எம் பேரன் காலேஜு போறான்மா.”

“அப்புறம் ஏன்யா அமுக்குனீங்க?”

“அமுக்குனா மூஞ்சி போர்டுல வரும்னு பாய் சொன்னாரு. இன்னும் வர்ல. நீதான் ஆபீஸா?”

அடுத்தவர் ஒரு பெண்மணி. “எம் போட்டோவுக்குப் பக்கத்துல எங்க ஓரகத்தியைப் போட்டுகிறாரு. ஒண்ணு அவளை எடு, இல்ல என்னை எடு!”

யார் வீட்டிலும் பெல்ட்டில் கட்டுகிற வயதில் குழந்தை இல்லை. கடைக்குப் பறந்தேன்.

“என் பொழப்பே இதுல இருக்கு பாய்! இதை நம்பி வேலையை விட்டிருப்பேனே!” என்று கத்தினேன். கத்தக் கத்த அழுகையும் வந்தது.

அவர் மிரண்டுபோனார். “நீதானேம்மா சொன்னே, யாரும் அமுக்கலன்னா பாப்பாவை உட்டுட்டுப் போவணும்னு? அதான் ஆள் சேத்தேன். எல்லாருக்கும் அதானே செய்யறேன்?”

முகங்களை அவரே ஒவ்வொன்றாக எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தால் ‘கெட்டது’ பேனர் செய்கிறவர் போலிருந்தது. இனி யாரையும் அமுக்கச் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்தார்.

போன் அடங்கிவிட்டது. ஒரு டிங் இல்லை. “வருகிறேன்” என்று மேலாளருக்கு எழுதத் தொடங்கிய வாரத்தில்தான் ஒன்று வந்தது. காட்டுப்பாக்கத்திலிருந்து. பிறகு திருமழிசையிலிருந்து இன்னொன்று. இந்த முறை நான் ஏமாறத் தயாராக இல்லை.

“பாய் அமுக்கச் சொன்னாரா?”

“எந்த பாய்? சிக்னல்ல ஒருத்தரைப் பாத்தேங்க. மொபெட்டுல, முதுகுல நீட்டமா ஒரு சுருளைக் கட்டிக்கிட்டு. அவ்ளோ பள்ளத்துல ஏறி எறங்குறாரு, சுருளு அசையவே இல்ல. என்ன பெல்ட்டுன்னு கேட்டேன். கொழந்தைங்களோடது, பேனருக்கும் தாங்குதுன்னாரு. நான் கேக்கவும் உங்க வெப்சைட்டு பேரைச் சொன்னாரு. ஏங்க, துவைக்கலாமா? எம் பையன் திமிறுவான், அப்பவும் நிக்குமா? வேர்க்காதா?”

கேள்வி கேட்கிறார்! முன்பு அமுக்கிய கூட்டத்தில் ஒருவர்கூட பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவர் என்னைப் போலவே பயந்தார். அடுத்து வந்தவர்களும் பயந்தார்கள். மாதக் கடைசியில் அத்தனை பயந்த அம்மாக்களின் தைரியத்தில் ராஜினாமாவை அனுப்பினேன். அனுப்பிய பிறகும் பலமுறை படித்துப் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

பாயிடம் போய்ச் சொன்னேன். பதறிவிட்டார். “நான் யாரையும் அமுக்கச் சொல்லலம்மா, சத்தியமா! உன் பெல்ட்டைக் குடுக்க மறந்துட்டேன். சுருளு கட்ட வசதியா இருந்துச்சு, அவ்ளோதான்.” பெல்ட்டைக் கழற்றி நீட்டினார். வாங்கிக்கொள்ளவில்லை.

போன வாரம் அவரை டிரங்க் ரோட்டில் பார்த்தேன். என் முதுகில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் முதுகில் யார் வீட்டு விசேஷமோ. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்து, கையைப் பின்னால் விட்டு, சுருள் பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. முந்தவும் இல்லை. அவருக்கும் அந்த வண்டிகளுக்கும் நடுவில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன்.