கழிவு போக நாற்பத்தாறு

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் காலை இரண்டாவது தடவை கெடுத்தது மழையோ வழுக்கலோ இல்லை, என் வாய்தான்.

இலங்கையில் தெரணியகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று ரெண்டு கிலோ கழித்துத்தான் எடையைச் சொல்வார். நான் ஒரு நாளும் சும்மா விட்டதில்லை. (என் சத்தம் கேட்காத நாளில் அவருக்குச் சோறு இறங்காதாம்.)

போன வருஷம் மலையில் சறுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த சிங்கள மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, அந்தக் காலில் பதினைந்து கிலோ பாரம்தான் வைக்கலாம், தராசில் மிதித்துப் பழக வேண்டும். மீறினால் மறுபடி மலை ஏறுவது சந்தேகம். மலை ஏறுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளில் யாரிடம் தராசு இருக்கிறது? ரெண்டு ஊன்றுகோலோடு மடுவத்துக்கே போனேன். பெண்கள் கொழுந்தோடு வரிசையில் நின்றார்கள். தரையில் இருந்த தராசில் மெதுவாக மிதித்தேன். எண் கணக்கப்பிள்ளை பக்கம்தான் தெரிந்தது.

“பதிமூணு,” என்றார் அவர்.

“பொய்! காலுக்குமாங்க ஐயா ரெண்டு கிலோ கழிப்பீங்க?”

“பழக்கத்துல வந்துருச்சு புள்ள, கத்தாத.”

நான் விடுவேனா? வழக்கம்போல கையை நீட்டிச் சண்டை போட்டேன். அந்தக் கையில்தான் ஊன்றுகோல் இருந்தது. மொத்த உடம்பும் முறிந்த காலில் இறங்கியது. நான் அலறிக்கொண்டு கொழுந்துக் குவியலில் சாயும்போது, அந்த மனுஷன் பழக்கதோஷத்தில், “நாப்பத்தாறு!” என்று கூவினார். (நான் நாற்பத்தெட்டு கிலோ.)

ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் என் வீட்டுக்காரர் என் காலைத் தன் மடியில் தாங்கிக்கொண்டார். எக்ஸ்ரே வரும்வரை நான் பயந்து அழுதுகொண்டே இருந்தேன். கம்பி தப்பியது. ஆனால் ஊன்றுகோலோடு இன்னும் ரெண்டு மாதம் இருக்க வேண்டியதாயிற்று.

இப்போது மலை ஏறுகிறேன். கால் வலிக்கிறது என்றால் போதும், வீட்டுக்காரர் கேட்பார்: “கழிச்சு சொல்றியா, கழிக்காமயா?” லயமே சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

மழைக் காலையில் சில நாள், “கழிக்காமத்தாங்க” என்பேன். அன்றைக்கு அவர் சிரிப்பதில்லை. என் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, மலை உச்சிவரை என் கூடவே நடந்து வருவார்.