எங்கே படிப்பது என்று படிப்பவர்

மனிதர்களில் 'படிக்கப் போகிறவர்' என்றோர் இனம் உண்டு. படிக்கிறவர் அல்ல, படித்தவரும் அல்ல. போகிறவர். அதிலும் அரசியல் அறிவியலில் மேற்படிப்புக்குப் போகிறவர் தனி ரகம். உங்கள் தெருவில் ஒருவர் கட்டாயம் இருப்பார். இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என் மாடிவீட்டுக்காரர் நான்கு வருடமாகப் போகிறார். அவருடைய கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை இருக்கிறது. நாற்பத்திரண்டு பல்கலைக்கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் இருபத்தேழு கட்டங்கள்: எந்தப் பேராசிரியர் எத்தனை கட்டுரை எழுதினார், அங்கே யாருக்கும் யாருக்கும் இடையில் பேச்சுவார்த்தை இல்லை, நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டுகிறது, விடுதி ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது. "அங்க தேர்தல் ஆய்வு பரவாயில்ல, ஆனா கோட்பாடு ரொம்ப வீக்" என்பார், வாசற்படிகூட மிதிக்காத இடத்தைப் பற்றி. முதல் வருடம் இவர் சந்தேகம் கேட்டு மெயில் போட்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பட்டம் வாங்கி அதே துறையில் ஆசிரியராகவே சேர்ந்துவிட்டார். நம்மவர் அசந்தாரா? அந்தப் பெயரை 'மாணவர் கருத்து' கட்டத்திலிருந்து வெட்டி 'ஆசிரியர் தரம்' கட்டத்தில் ஒட்டிக்கொண்டார்.

இவர் மனைவி நர்ஸ். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலைக்குக் கூப்பிட்டார்கள். "என் படிப்பு எந்த ஊர்னு முடிவாகட்டும்" என்று இவர் சொல்ல, அந்தப் பெண் இரண்டு தடவை தவணை கேட்டுவிட்டார். மூன்றாவது தவணை கிடையாது, வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. ஒரே ஒரு இடத்தைத்தான் குறிக்க முடிகிற பொது விண்ணப்பத்துக்கும் அன்று ஐந்து மணிதான் கெடு.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என்னை மேலே கூப்பிட்டார். நாற்பத்திரண்டு மூன்றாகக் குறைந்திருந்தது. மனைவி, மச்சான், நான், அவர். ஆளுக்கொரு ஓட்டாம்! கத்தரிக்கோலால் சீட்டு வெட்டிக்கொண்டிருந்தார்.

எண்ணினோம். ஆஸ்பத்திரி இருக்கும் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று.

"அப்ப அதுதானேங்க?" என்றார் மனைவி.

"நாலுல ரெண்டு பாதிதான். பாதி எப்படி பெரும்பான்மை ஆகும்?"

மறுபடி ஓட்டு. மச்சான் அக்கா முகத்தைப் பார்த்துக் கட்சி மாறினார். மூன்று.

"மூணு, மாமா! ஃபார்மை அனுப்புங்க."

"இரு. எது பிடிக்கும்னுதான் இது சொல்லுது. எவ்வளவு பிடிக்கும்னு சொல்லலியே. எல்லாரும் மூணுக்கும் மார்க் போடுங்க."

மார்க் போட்டோம். கூட்டினார். கூட்டியது சரி, வகுத்தது தப்பு என்றார். எந்த முறையில் ஓட்டெடுப்பது என்று முதலில் ஓர் ஓட்டெடுக்க வேண்டும் என்று அவர் எழுந்து நின்றபோது மணி ஐந்தே கால். இணையதளத்தில் 'விண்ணப்பக் காலம் முடிந்தது' என்று வந்தது. அந்த ஆள் முகத்தில் தெரிந்தது வருத்தமே இல்லை, நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லவேளை. அவசரப்பட்டு தப்பான இடத்துல மாட்டியிருப்பேன்."

மனைவி போனை எடுத்தார். "சார், நான் வரேன். திங்கக்கிழமை சேர்ந்துக்கறேன்."

"இதுக்கு ஓட்டே எடுக்கலியே?" என்றார் இவர்.

"எடுத்தாச்சுங்க. ஒரே ஓட்டு. என்னோடது."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் பெட்டியை மச்சானும் நானும் கீழே இறக்கினோம். அவர் உதவிக்கு வரவில்லை, வேலையாக இருந்தார். எட்டிப் பார்த்தேன். அட்டவணையில் இருபத்தெட்டாவது கட்டம் முளைத்திருந்தது: 'மனைவி ஊரிலிருந்து தூரம்'.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் தெருவில் அப்படி யாருமில்லை, நீங்களும் அப்படியில்லை. ஏதோ ஒரு காரியத்தில் இன்னும் ஒரே ஒரு விஷயம் மட்டும் விசாரிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதானே? நிதானமாக விசாரியுங்கள். நடுவில் ஒரு தடவை, உள்ளறையில் யாராவது பெட்டி கட்டுகிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.