பொம்மைக்கு மட்டும் உயிர் கொடுப்பவர்

டவுன் பஸ்ஸில் யாராவது கண்ணயர்ந்தால், அவர் தலை நம் தோளில் சாயாதபடி நாமெல்லாம் நகர்ந்துகொள்வோம். அறிவுச்செல்வன் மட்டும் அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பார். பல வருடமாகக் கவனிக்கிறேன். ஏறி இறங்காமல் இருந்தால் நன்றாயிருக்குமே என்றொரு ஏக்கம் அந்தக் கண்ணில் தெரியும்.

இவர்தான் சான்றிதழ் பெற்ற உயிர்காப்பாளர். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். நின்றுபோன இதயத்தை, மார்பை அமுக்கி ஓடவைக்கும் சிபிஆர் முதலுதவியைக் கள்ளக்குறிச்சியில் ஒரு நாள் வகுப்பில் ரப்பர் பொம்மையின் மேல் கற்று, அந்தப் பொம்மையோடு படம் எடுத்து, சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆயுத பூஜையன்று பைக்குக்கு வைத்த கையோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "பயப்படாம சாப்புடுங்க, ஹார்ட் அட்டாக்னா நான் இருக்கேன்" என்று சொல்லி அவர் பாயசத்தைப் பாழாக்குபவர். கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே முகம்மது கவுஸின் அரிசிக் கடையில் தினமும் செயல்விளக்கம் வேறு. நோயாளி, ஒரு மூட்டை. "முழங்கைய மடிக்கக் கூடாது பாய்!" மூட்டை ஒருநாளும் சாகவில்லை.

போன மாதம் அந்த நிறுத்தத்தில், கரும்பு வெட்டும் பொன்னுரங்கம் சுருண்டு விழுந்தார். மூச்சில்லை.

"சார் இருக்காரு, வழி வுடுங்க!"

கூட்டம் பிளந்தது. சார் வந்தார். பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சர்டிபிகேட் போன வாரமே காலாவதிங்க. ஞாயித்துக்கெழமதான் ரெனிவல். இப்ப தொட்டா சட்டப் பிரச்சினை."

பொன்னுரங்கத்தின் தலையை மடியில் வைத்திருந்த மனைவி சாலம்மாள் நிமிர்ந்தாள். "இன்னா சார் சொல்றீங்க? போன வாரம் வரைக்கும் தெரிஞ்சது இப்ப மறந்துபூட்ச்சா?"

சார் பஸ் வருகிறதா என்று பார்த்தார். கவுஸ்தான் கடையிலிருந்து ஓடிவந்து மண்டியிட்டு அமுக்கத் தொடங்கினார்.

"கத்துக்கினீங்களா பாய்?" என்றார் யாரோ.

"தெனமும் எம் மூட்டய அமுக்கிக்கினு இருந்தாரே, அத்தப் பாத்ததுதான்!"

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நிறுத்தவில்லை. சார் மட்டும் சும்மா இருந்தாரா? "முழங்கை பாய், முழங்கை!"

பொன்னுரங்கம் பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமை சார் சான்றிதழைப் புதுப்பித்தார். தம் மேற்பார்வையில் ஓர் உயிர் மீண்ட கதையை வகுப்பில் சொன்னாராம். கைதட்டினார்களாம்.

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்குப் போனேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம், என்னுடையது, சுவரில் தொங்குகிறது. அதற்குக் காலாவதி கிடையாது. ஆகவே அந்தச் சாக்கும் எனக்கில்லை. வேறு கண்டுபிடித்துவிடுவேனோ என்னவோ. உங்கள் சுவரையும் ஒருமுறை பார்த்து வையுங்கள். அடுத்துச் சுருண்டு விழுபவர் உங்கள் காலடியில் விழலாம்.

சார் இன்றும் அதே நிறுத்தத்தில்தான் பஸ் ஏறுகிறார். சாலம்மாளும் அங்கேதான் நிற்கிறாள். அவள் கேட்டதற்குப் பதில் இன்னும் பாக்கி.